சாம்பல்நிறக் கல்லின் இரண்டாவது விஷம்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவற்றைக் காவல் நிலைய எழுத்தர் முதல் தாளில் எழுதிக்கொண்டார். எனக்கு வயது நாற்பத்தேழு. கனிம ஆய்வுக்கூடத்தில் கற்களைப் பார்த்து இனம் பிரித்துச் சொல்லும் ஆய்வாளராக வேலை பார்த்து வருகிறேன். இறந்துபோனவர் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி, லாரி ஓட்டுநர். வீட்டில் அவனைச் சின்னவன் என்று கூப்பிடுவோம், இங்கும் அப்படியே சொல்கிறேன். அவனுக்கு விஷம் கொடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போலீஸ் காவலில் இருப்பவர் வெள்ளி உருக்கும் பட்டறை வைத்திருப்பவர். ஆள் ஒல்லி என்பதாலும், நெருப்பை ஊதிக்கொண்டே இருப்பவர் என்பதாலும் எல்லோரும் அவரை ஊதுகுழல் என்பார்கள். அவரைச் சின்னவன் மூலமாகத்தான் எனக்குத் தெரியும், மற்றபடி கொடுக்கல் வாங்கலோ விரோதமோ கிடையாது.

மழைக்காலம் ஆரம்பித்தபோது, மூடப்பட்ட சுரங்கம் ஒன்றின் கழிவு மேட்டிலிருந்து சாலை வேலைக்குக் கல் ஏற்றப் போன சின்னவன், திரும்பி வரும்போது ஒரு கல்லைத் துண்டில் சுற்றி நேராக என் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தான். கை அளவுதான் இருந்தது, ஆனால் கனத்தது. சாம்பல் நிறத்தில் புது ஈயம்போல மினுங்கியது. அதைப் பார்ப்பவர் யாரும் ஈயத் தாது என்றுதான் சொல்வார்கள். ஈயத் தாதுவை உடைத்தால் சின்னச் சின்னக் கட்டம் கட்டமாக உடையும், இது இதழ் இதழாகப் பிரிந்தது. செம்புக் காசால் கீறினால் கோடு விழுந்தது, அவ்வளவு மென்மை. மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரசியபோது ஈயத்தின் கறுப்புக் கோடு விழாமல், காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் கோடு விழுந்தது. அதன் பிறகு ஒரு துணுக்கை வழவழப்பாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற பரப்புக்கு அடியில், ஆழத்தில், சிவப்பு தெரிந்தது.

இது சல்போசால்ட் என்ற வகை என்று அவனிடம் சொன்னேன். காவல் ஆய்வாளர் அய்யா கேட்டுக்கொண்டபடி இங்கும் விளக்குகிறேன். சாதாரணத் தாதுவில் கந்தகம் ஒரு உலோகத்தோடு மட்டும் சேர்ந்திருக்கும். இந்த வகையில் ஆர்செனிக் போன்ற ஒன்று கந்தகத்தை மூன்று கால்களாக வைத்து முக்காலிபோல நிற்கும். முக்காலிகளுக்கு நடுவில் உள்ள இடத்தில் ஈயம், வெள்ளி, செம்பு என்று ஏதாவது உலோகம் வந்து உட்காரும். எந்த உலோகம் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தால்தான் கல்லின் இனமும் பெயரும் தெரியும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சின்னவனுக்கு அந்த முக்காலிக் கதை வேண்டியிருக்கவில்லை. "மாமா, வெள்ளி இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டான். ரசாயனச் சோதனை செய்து பார்த்துவிட்டு, கொஞ்சம் இருக்கிறது என்றேன். ஆர்செனிக்கும் நிறைய இருக்கிறது, அது பாஷாணம், இந்தக் கல்லை எந்தக் காரணத்துக்காகவும் நெருப்பில் வைக்கக் கூடாது என்றேன். வெள்ளியை முதலில் சொன்னேன், பாஷாணத்தைப் பிறகு சொன்னேன். அவன் கேட்டது வெள்ளியைப் பற்றி என்பதால் வரிசை அப்படி அமைந்தது. அவன் சிரித்துக்கொண்டு, சால்ட் என்றால் உப்புதானே, உப்பில்லாத பண்டம் குப்பையிலே என்று சொல்லிவிட்டு, சோதனைக்கு நான் எடுத்த துணுக்குகள் போக மீதிக் கல்லைத் துண்டில் சுற்றினான். அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, சமையல் கட்டில் நின்றிருந்த தன் அக்காவிடம், மாமாவே வெள்ளி இருக்கிறது என்று சொல்லிவிட்டார் என்றான். அங்கேயும் நான் நெருப்பைப் பற்றி மறுபடி சொன்னேன். குக்கர் சத்தத்தில் என் மனைவிக்கு அது காதில் விழவில்லை என்கிறாள். விழுந்திருக்காது.

அதன் பிறகு அந்தத் துணுக்கின் எக்ஸ்ரே படத்தை ஏற்கனவே பதிவாகியுள்ள கனிமங்களின் படங்களோடு ஒப்பிட்டேன், எதோடும் பொருந்தவில்லை. உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத கல்லாக இருக்கலாம் என்று தோன்றியது. எந்த அணு எவ்வளவு என்று அளக்கும் கருவி எங்களிடம் இல்லாததால், அது உள்ள வேறொரு கூடத்துக்கு ஒரு துணுக்கை அனுப்பினேன். அங்கே வரிசை நீளம், முறை வரும்போது பார்ப்பதாகச் சொன்னார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

இடையில் சின்னவன் மறுபடி அந்த மேட்டுக்குப் போய் ஒரு சாக்கு நிறையக் கல் கொண்டுவந்து ஊதுகுழலின் பட்டறையில் இறக்கியது எனக்குத் தெரியாது. பட்டறையில் நடந்ததை ஊதுகுழல் பிற்பாடு என்னிடம் சொன்னபடி சொல்கிறேன். மழைச் சாரல் அடித்ததால் ஷட்டரைப் பாதிக்கு இறக்கியிருக்கிறார்கள். கல்லை இடித்து, வெண்காரம் சேர்த்து, உருக்கும் மண்கிண்ணமான மூசையில் போட்டு அடுப்பில் வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் புகை கிளம்பி, வெள்ளைப்பூண்டு வாசனை அடித்திருக்கிறது. ஊதுகுழல் வழக்கம்போல மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு சின்னவனையும் கட்டிக்கொள்ளச் சொன்னதற்கு, பூண்டு வாசனைக்கா மூக்கைப் பொத்துவார்கள், பசியல்லவா எடுக்கிறது என்று அவன் மூசையின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசியில் கிடைத்த வெள்ளி கடுகளவு. கல் இருக்கும் இடத்தைக் காட்டு, நானும் வருகிறேன் என்று ஊதுகுழல் கேட்க, இவன் மறுக்க, வார்த்தை தடித்திருக்கிறது. அதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு ஊதுகுழலே சமாதானமாகி டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். இருவரும் கை கழுவாமலே குடித்திருக்கிறார்கள்.

மறுநாள் சின்னவனுக்கு வயிற்று வலியும் வாந்தியும் வந்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் கல்லை உருக்கிய விஷயத்தை அவன் என்னிடம் சொன்னான். நான் உடனே டாக்டரிடம் போய் ஆர்செனிக் என்றேன். சிறுநீரில் பார்த்தார்கள், ஆர்செனிக் இருந்தது. அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள். நான் சொன்னதிலும் தவறில்லை, அவர்கள் செய்ததிலும் தவறில்லை. வாந்தி நின்றது. அதற்குப் பிறகு பாதம் எரிகிறது என்றான். போர்வை பட்டாலும் துடித்தான் என்பதால் என் மனைவி கால்மாட்டில் இரண்டு நாற்காலிகளை வைத்து, போர்வை காலில் படாமல் அவற்றின்மேல் தொங்கவிட்டாள். அதே வாரம் ஊதுகுழலும் காலைப் பிடித்துக்கொண்டு வந்து அதே வார்டில் படுத்தார்.

ஒரு காலையில் நான் போனபோது என் மனைவி தம்பிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். சீப்போடு முடி கொத்தாக வந்தது. அவள் அதைச் சுருட்டித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு வாரினாள். நான் ஊதுகுழலின் கட்டிலுக்குப் போய், உருக்கும்போது வேறு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்து, "நெருப்பு கிளிப்பச்சையா எரிஞ்சுதுங்க. அழகா இருந்துச்சு" என்றார்.

ஈயமோ வெள்ளியோ ஆர்செனிக்கோ அப்படிக் கிளிப்பச்சையாக எரியாது. தாலியம் எரியும். அது ஆர்செனிக்கைவிடக் கொடியது, முடி கொட்ட வைப்பது, ஆர்செனிக்கின் மருந்துக்கு அடங்காதது. அபூர்வமான சில சல்போசால்ட்டுகளில் முக்காலிகளுக்கு நடுவே ஈயத்தோடு ஈயமாக அது உட்கார்ந்திருக்கும். வெளியே ஈயம்போலத்தான் மினுங்கும். நான் டாக்டரிடம் சொன்னேன். முடியைப் பார்த்து அவருக்கும் அதே சந்தேகம் வந்திருந்தது. தாலியத்துக்கு மருந்து ஒரு நீலச் சாயம், சாயம் போடும் அதே நீலம்தான், மாத்திரையாக வரும். அந்த ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. வெளியூருக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் கருவி உள்ள கூடத்துக்குப் போன் செய்து கெஞ்சினேன். அவர்கள் வரிசையை ஒதுக்கிவிட்டு அன்றே பார்த்து, தாலியம்தான், ஈயத்தைவிட அதிகமாக இருக்கிறது என்றார்கள். ஒரு புதுக் கனிமத்துக்கு வேண்டிய எல்லா எண்களும் சரியாக வந்திருக்கின்றன என்று சொல்லி எனக்கு வாழ்த்தும் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று பிற்பகல் சின்னவன் இறந்துபோனான். மருந்து மறுநாள் வந்தது. அது ஊதுகுழலுக்குக் கொடுக்கப்பட்டு அவர் பிழைத்திருக்கிறார்.

அதன் பிறகு சின்னவனின் மனைவி, ஊதுகுழல் டீயில் விஷம் கலந்து கொடுத்தார் என்றும், சந்தேகம் வராமல் இருக்கத் தானும் கொஞ்சம் குடித்தார் என்றும் புகார் கொடுத்தாள். நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. என் மனைவி என்னிடம், அவளுக்கு யாரையாவது திட்டினால்தான் சோறு இறங்கும், அந்த ஆளுக்காக நீங்கள் ஏன் பரிந்துகொண்டு போகிறீர்கள் என்று கேட்டாள். செய்யாத குற்றம் என்றேன். அவள் தட்டைத் துடைத்து அடுக்கினாள். பிறகு, "டீ இல்ல, கல்லுதான் கொன்னுச்சுன்னு சொல்லப்போறீங்க. அந்தக் கல்லுல வெள்ளி இருக்குன்னு சொன்னது யாருன்னு ஊர் கேக்கும்" என்றாள்.

நான்தான் என்று சொல்வேன் என்றேன்.

ஊதுகுழல் போட்ட டீயில் விஷம் எதுவும் சேர்க்கப்படவில்லை என்பது என் கருத்து. விஷம் புகையிலும் இருவரின் கைகளிலும் இருந்தது. பட்டறை அடுப்பின் சாம்பல், மூசை, கூரையில் படிந்த வெள்ளைப் பொடி ஆகியவற்றை என் முன்னிலையில் எடுத்துச் சோதித்ததில் ஆர்செனிக்கும் தாலியமும் என் கல்லில் உள்ள அதே விகிதத்தை ஒட்டியே இருந்தன. பட்டறையிலிருந்த டீத்தூளிலும் சர்க்கரையிலும் இரண்டும் இல்லை. என்னிடமிருந்த துணுக்குகளைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து இன்று ஒப்படைத்தேன். ரசீது எழுதிய காவலர் கல்லின் பெயர் என்ன என்று கேட்டார். இன்னும் பெயர் வைக்கவில்லை என்றேன். உரிய குழுவுக்கு எழுதிப் பெயர் வைக்கும் உரிமை எனக்கு இருக்கிறது, நான் எழுதவில்லை.

இன்று காலை கிளம்பும்போது என் மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கதவு வரை வந்தாள். "போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க. திரும்பி வந்து என்கிட்ட மட்டும் அதப் பத்திப் பேசாதீங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. நான் அறிந்தவரை எல்லாம் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
கனிம ஆய்வாளர், இறந்தவரின் அக்காள் கணவர்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
காவல் ஆய்வாளர்