தாடியா, தாடையா?

மார்ச் 18, புதன். இன்று கண்டுபிடித்த தவறு: தாடைத் தசையை அளக்கும் ஒட்டுவில்லைகளைப் பெரியப்பாவின் வலது கன்னத்தில் தாடிக்கு மேலேயே ஒட்டியிருக்கிறேன். தசை பலவீனம் என்று அவரிடம் சொல்லியும் விட்டேன்.

கண்டியில் பல் உதவியாளர் மாலை வகுப்புக்குப் போகும் ஷாமலா, நாட்குறிப்பில் எழுதியதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் பெரியப்பாவைப் போனில் அழைத்தாள்.

"ஹலோ, பெரியப்பா... ஆமா, ஷாமலாதான்... சாப்பிட்டீங்களா?... இன்னைக்கும் கஞ்சியா?... மூணு நாளாவா?... தசை செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா?... நானா? பலவீனம்னுதான் சொன்னேன்... ஆமா, ஆமா, என் தப்புதான். கேளுங்க. ஈறு கெட்டு பல்லு ஆடுனா, தாடை பயந்து மெதுவாத்தான் கடிக்கும். அதத்தான் அளந்தோம்... ஆனா ஒட்டு தோலுல படணும், ஒங்களுக்கு தாடியில பட்டிருக்கு... ஆமா, மெஷின் தாடியத்தான் அளந்திருக்கு... சிரிக்காதீங்க, நாளைக்கு சாயந்தரம் அறிக்கை குடுக்கணும்.

"அதனால தாடிய... முழுசா வேணாம், கன்னத்துல தபால் முத்திரை அளவு... அந்தோனியாருக்கு நேர்த்திக்கடனா வளக்குறீங்களா? எதுக்கு?... பல்லு புடுங்காம இருக்கவா?... ஈஸ்டர் வரைக்குமா? ரத்தம் வர்ற ஈற தாடி வந்து சுத்தம் பண்ணாது, பெரியப்பா... சரி, சரி, அந்தோனியார ஒன்னும் சொல்லல...

"யாரு, பெரியம்மாவா?... முறுக்கா? அவருதான் கஞ்சி குடிக்கிறாரே... அலுமாரியில, பைபிளுக்குப் பின்னாலயா?... ஒரு பை முழுக்கவா?"

ஷாமலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்தவள், முறுக்கை எப்படிக் கடிக்கிறார் என்று யோசித்து நின்றாள்.

"பெரியம்மா, எந்தப் பக்கத்தால கடிக்கிறாரு?... எப்பவும் இடதுதானா?... சோறு கூடவா?... எவ்வளவு நாளா?... ஒரு வருஷமா?"

சிரிப்பு அடங்கியது. வலது பக்கம் அளவு குறைந்தது தாடியாலா, தசையாலா? அவளுக்குத் தெரியவில்லை.

"பெரியப்பாகிட்ட குடுங்க... வலது பக்கம் நோகுதா?... சொன்னா புடுங்கிடுவாங்கன்னா மறச்சீங்க?... புடுங்குவாங்களான்னு எனக்குத் தெரியாது, பொய் சொல்லமாட்டேன். மொதல்ல சுத்தம் பண்ணித்தான் பாப்பாங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்... காலையில கண்டிக்கு வருவீங்களா?... தாடி?... பெரியம்மா, நீங்களே சவரம் பண்றீங்களா? அந்தோனியாருக்கு யாரு பதில் சொல்றது?... நீங்க பேசிக்கிறீங்களா, சரி... இப்பவேவா? மெதுவா, அவரு கத்துறது இங்க கேக்குது. ஹலோ... ஹலோ..."

தொடர்பு அறுந்தது. அவள் எழுதினாள்:

நாளை: காலை எட்டரைக்கு பஸ் நிலையத்தில் பெரியப்பாவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முதலில் ஈறுகளைப் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். தசையை அதற்குப் பிறகு அளக்கலாம்.