நடுவில் நின்ற குரல்

சாயங்காலம் ஏழரை மணி. ஏழரையெல்லாம் பேய் வருகிற நேரமா என்று முறைக்காதீர்கள். அந்தச் சாலையில் ஆறு மணிக்கே நாய்கூடத் துணைக்கு ஆள் தேடும். கடைசி விளக்குக் கம்பத்தையும் தாண்டினால் ஒரே ஒரு வீடு... அதில்தான் என் நண்பனுடைய சகலை குடியிருந்தார்.

பல் டாக்டர். பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்கவைப்பவர், வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறக்க மாட்டார். பாட்டுதான் எல்லாம். பழைய வீட்டில் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததால், பாட்டுக் கேட்பதற்கென்றே இந்த அத்துவானத்தில் வீடு பிடித்தார். முன்னறையில் இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு. எதிரே ஒற்றை நாற்காலி. இரண்டும் நாற்காலிக்குச் சமதூரத்தில் இருந்தால், பாடுகிற ஆள் பெட்டிக்குள் இருக்க மாட்டார்... நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில், நின்று பாடுவது போலக் கேட்கும். காதைக் கட்டுகிற வித்தை அது. ஆனால் நாற்காலியை விட்டு ஓரடி நகர்ந்தால் போச்சு. ஆள் போய்க் கிட்டத்துப் பெட்டிக்குள் புகுந்துகொள்வார்.

டாக்டருக்கு அந்த ஆள் நடுவில் நிற்கவே மாட்டேன் என்றார். பெட்டியை அரை விரற்கடை திருப்புவார், ஓடிவந்து உட்காருவார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி ஓடுவார். அந்த ஓட்டத்தை நேராக ஓடியிருந்தால் பூமியை இரண்டு சுற்று சுற்றியிருக்கலாம்.

மாதக்கணக்கில் இதே கூத்து. கடைசியில் மனைவி பெட்டி கட்டிவிட்டாள்.

"காலையில அக்கா வீட்டுக்குப் போறேன். இந்த வீட்டுல நான் மூணாவது பெட்டி. ஒண்ணு குறைஞ்சா உங்களுக்குத் தெரியவா போகுது?"

"ஒரே ஒரு பாட்டு... என் நாற்காலியில உக்காந்து கேளு. அப்புறமும் போகணும்னா நானே கொண்டுபோய் விடறேன்."

கல்யாணமானதிலிருந்து மனுஷன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்பான் நண்பன். அவளுக்கும் மனசு கேட்கவில்லை. உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

ஒரு பெண் குரல். துணைக்கு ஒற்றை வயலின். அவ்வளவுதான்.

டாக்டர் இடதுபக்கப் பெட்டியை ஒட்டி, கதவோரம் நின்றார்.

"எங்க கேக்குது?"

"நடுவுல." அவள் முகம் மலர்ந்தது. "எழுந்து போய்த் தொட்டுடலாம் போல இருக்கு."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. இனி இவள் போக மாட்டாள்.

அடுத்த நொடிதான் உறைத்தது... அவருக்கும் நடுவில்தான் கேட்டது. அவர் நின்ற இடத்தில் இடதுபக்கப் பெட்டி மட்டும்தான் கேட்கவேண்டும். வயலின் நியாயமாகக் காதுக்குப் பக்கத்தில் இழைந்துகொண்டிருந்தது. குரல் மட்டும்... அறை நடுவில்.

வலதுபக்கமாக நாலடி நடந்தார். வயலின் அவரோடு வலதுபக்கப் பெட்டிக்கு வந்தது. குரல் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது.

எங்கிருந்தோ ஈரத் தலைமுடி வாசனை. பாட்டு வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சு இழுக்கிற சத்தம்... கொஞ்சம் சளி கட்டின மூச்சு.

சுவரில் ஸ்விட்சைத் தட்டினார். டக்.

வயலின் நின்றது.

குரல் நிற்கவில்லை.

"இப்பதாங்க சுத்தமா இருக்கு," என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

மறுநாள் அவள் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. டாக்டரே கெஞ்ச ஆரம்பித்தார், "கிளம்பும்மா, அக்காவைப் பாத்துட்டு வரலாம்." பெட்டிகள் இரண்டையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். பிரயோஜனமில்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அவளுக்கு அந்த நாற்காலியில்தான். டாக்டருக்கு இப்போது அந்தக் குரல் கேட்பதே இல்லை. அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, மனைவியின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

போன வாரம் நண்பன் போயிருந்தான். டாக்டர் சுவரோடு ஒட்டி நின்றாராம். அவள் தலை நடுவிலிருந்து மெல்ல... மெல்லத் திரும்பி... டாக்டர் பக்கம் வந்து நின்றது. மூடிய கண். அதே மலர்ந்த முகம்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்," என்றாள். "அவங்களுக்கு நிக்க இடம் வேணாமா?"

டாக்டர் தள்ளி நின்றார்.

அவள் தலையும் கூடவே திரும்பியது.