பத்து எலை போட்டாச்சு

சாவகாசமா நடக்கறதுன்னா இவ்ளோ சாவகாசமாவா தம்பி? பன்னெண்டே கால் ஆவுது. பதினோரு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க அத்தை, எலை போட்டு ரெடியா இருங்கன்னு சொன்னா அந்தப் பொண்ணு இனியா. நானும் பத்து எலை போட்டு, தண்ணி தெளிச்சு வெச்சேன். எல்லாம் வெயில்ல சுருண்டுக்கினு கெடக்குது. மோட்டார் கொட்டாய் நெழலு கூட நவுந்து அந்தாண்ட போயிடுச்சு... நீங்க சாப்புடுங்க ரபீக் தம்பி. வேன் ஓட்டினு வந்தவரு, நீங்க இன்னா பண்ணுவீங்க? பையெல்லாம் பத்து மணிக்கே டாண்ணு வந்துடுச்சு. பைக்கு சொந்தக்காரங்களைத்தான் காணோம்.

இதுக்குப் பேரு லீவாம். ஆறு நாளு. பத்து பேரும் செங்கம் ரோட்டு லாட்ஜுல கெளம்பி, ஏரிக்கரை, நெல்லு, கடலைக்கொல்லைன்னு பாத்துக்கினே மரக்காணம் வரைக்கும் போறாங்களாம். கடைசி ரெண்டு நாளு கடலோரமாவே நடையாம். பை வேன்ல போவுது, ஆளு தரையில போறாங்க. நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்தக் கொல்லைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடந்துக்கினுதான் இருக்கறேன். ரேணுகாம்பாள் லீவுல இருக்கறாங்கன்னு ஒருத்தர் சொல்லணுமே... குழம்பு ஊத்திக்கங்க. கத்திரிக்கா நம்ம கொல்லையில பறிச்சது.

ஒரு போன் பண்ணிக் கேக்கலாம்னா, பத்து போனும் உங்க வேன்ல டப்பாக்குள்ள கெடக்குது. நடக்கறப்போ போன் இருக்கக்கூடாதாம், மனசு லேசாவாதாம். அந்த டப்பா வேற காலையிலேர்ந்து மாத்தி மாத்திக் கத்திக்கினு இருக்குது. வழி தெரியாதேன்னு கேட்டா, யாரையும் வழி கேக்க வேணாம், நாங்க போட்டிருக்கற மஞ்சள் அம்புக்குறியை மட்டும் பாத்துக்கினு போங்க, வேற எதையும் யோசிக்காதீங்கன்னு இனியா சொல்லி அனுப்பியிருக்கறா. படிச்ச புள்ளைங்க, சொன்னா சொன்னபடி கேக்கறாங்க. அதான் தம்பி இப்ப வெனையே.

இனியா எங்க அண்ணன் பொண்ணு. மெட்ராஸ்ல அந்த நடை கம்பெனியில வேலை. இன்னிக்குத்தான் மொத கும்பல். சாப்பாடு நல்லபடியா நடந்துட்டா சீசன் முழுக்க உங்க கொட்டாய்தான் அத்தை, சொதப்பினா கம்பெனிக்காரங்க வேற ஆளைப் பாத்துடுவாங்கன்னு நேராவே சொல்லிட்டா. சாப்புட்டவங்க எப்படி இருந்துச்சுன்னு நோட்டுல எழுதுவாங்களாம். எனக்கு அதுதான் தம்பி ஆசை. எங்க வூட்டுக்காரு அப்பாதுரை இருக்கறாரே, இருபத்தெட்டு வருஷமா உப்பு கம்மின்னுவாரு, இல்லாட்டி உப்பு ஜாஸ்தின்னுவாரு. நல்லா இருக்குதுன்ற வார்த்தை அந்த மனுசன் வாயில வந்ததே இல்ல. சரி, ஊர் பேர் தெரியாதவங்களாவது ஒரு வரி எழுதட்டுமேன்னு மூணு மணிக்கு எழுந்து அடுப்பு பத்த வெச்சேன். கேழ்வரகு அடை, வேர்க்கடலை தொவையல், கொள்ளு ரசம், பாயசம்... பாயசம் கட்டியாயிடுச்சு போங்க.

இருங்க, போன் அடிக்குது. மணியம்மா. அடிஅண்ணாமலையில எளநி கடை வெச்சிருக்கறா... சொல்லு மணியம்மா. ம்... தொப்பியா? எத்தினி பேரு? பத்து பேரா... எப்போ? ரெண்டு வாட்டியா?

தம்பி, அந்த எலையை அப்பறம் மடிக்கலாம். இதைக் கேளுங்க. காலையில ஏழரைக்கு இவங்க பத்து பேரும் அவ கடையைத் தாண்டிப் போனாங்களாம். பதினொண்ணரைக்கு மறுபடியும் அதே பத்து பேரு, அதே தொப்பி, அதே பக்கமா போறாங்களாம். ரெண்டாவது சுத்தாம்மான்னு இவ கேட்டிருக்கறா. பத்து பேரும் கையெடுத்துக் கும்புட்டாங்களாம். ஏதோ வேண்டுதல்னு நெனைச்சு இவளும் எளநி வெட்டி சும்மாவே குடுத்திருக்கறா. மலையைச் சுத்தி வந்தா பதினாலு கிலோமீட்டரு. ஒரு ரவுண்டு முடிச்சு லாட்ஜ் வாசலுக்கே வந்திருக்கறாங்க, அங்க அம்புக்குறி இப்படின்னு காட்டுது, மறுபடியும் கெளம்பிட்டாங்க. பாவம், சாயங்காலம் வரைக்கும் சுத்துவாங்க போல.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? ...சரி, சொல்லிடறேன். அந்த அம்புக்குறியை மாத்தினது நான்தான்.

நேத்து சாயங்காலம் சமையல் விஷயமா இனியாவைப் பாக்க லாட்ஜுக்குப் போனேன். கம்பத்துல அம்புக்குறி டவுன் பக்கமா காட்டுது. நீங்க ஆற்காட்டுக்காரரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அப்படிப் போனா சாமி மலை பீச்சாங்கை பக்கம் வருது தம்பி, கிரிவலத்துல அப்படி வரக்கூடாது! ஆபீசுக்குப் போறவன், காய்கறி வாங்கப் போறவன் எல்லாம் அப்படித்தான் போறான், இல்லன்னு சொல்லல. ஆனா இவங்க கடல் வரைக்கும் நடக்கறதுக்கு மொத அடி எடுத்து வெக்கிறவங்க. மலையை சோத்தாங்கை பக்கம் வெச்சு ஒரு சுத்து சுத்திட்டு, சுத்துப் பாதையில இருக்கற ஈசானிய லிங்கம் கோயிலாண்ட திரும்பி இங்க வரட்டுமேன்னு நெனைச்சேன். கொல்லை கேட்டுக்கு அடிச்ச மஞ்ச பெயிண்ட் மீதி இருந்துச்சு. இனியா போனதும் எடுத்தாந்து மாத்திட்டேன். நல்லதுதான பண்ணேன்? ஈசானியத்தாண்ட திரும்பறதுக்கு ஒரு அம்புக்குறி போட்டிருக்கணும்... தோணல. பெயிண்டும் தீந்துடுச்சு.

இப்ப இனியா கேட்டா நான் இன்னா சொல்றது? சொல்லுங்க. நானே என் சோத்துல மண்ணைப் போட்டுக்கினேன். அவங்க நோட்டுல இன்னா எழுதுவாங்க? ரெண்டு தரம் மலையைச் சுத்தினோம், சாப்பாடு போடலன்னு எழுதுவாங்க.

கெளம்பிட்டீங்களா? சரி, போய்க் கூட்டிக்கினு வந்துடுங்க. ஈசானிய லிங்கம் வழியா எதிர்ல போனா பத்து நிமிஷத்துல பிடிச்சுடலாம். ஆனா... எதிர்ல போனா மலை அந்தக் கை பக்கம் வருமே தம்பி. டவுனுக்குள்ள போயி, செங்கம் ரோடு, அடிஅண்ணாமலைன்னு சுத்திக்கினு பின்னாலேர்ந்து போறீங்களா? முக்கா மணி நேரம் ஆவும். அதுக்குள்ள அவங்க ஈசானியத்தையும் தாண்டி டவுனுக்கே போயிடுவாங்க. இல்ல, வேணாம். பசியோட நடக்கறாங்க.

நிறுத்துங்க, நானும் வரேன். இந்த ரசக் குண்டானை அப்படி ஓரமா வெய்யுங்க. அடைத் தூக்கையும் பிடிங்க. அவங்களைப் பாத்த எடத்துலயே ஒரு மரத்தடியில எலையைப் போட்டுடலாம். மாத்தினது நான்தான்னு இனியா கிட்ட நானே சொல்லிடறேன். அவங்க சாப்புட்டு முடிக்கட்டும், அப்பால சொல்றேன்.

முன்சீட்டு வேணாம் தம்பி. நான் பின்னால, இந்தப் பை மேல, பின்பக்கமா திரும்பி உக்காந்துக்கறேன். இப்படி உக்காந்தா மலை எனக்கு சோத்தாங்கை பக்கம்தான வருது? வருது. நீங்க எதிர்லயே ஓட்டுங்க. கொஞ்சம் மெதுவா, ரசம் தளும்புது.