மறைத்து உருட்டிய பகடை

இந்த மலையில் ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, இன்ஸ்பெக்டர் சார். சிலர் சீட்டாடுவார்கள், சிலர் தூங்குவார்கள். நாங்கள் ஐந்து பேர் என் குவார்ட்டர்ஸில் கூடி ஒரு விளையாட்டு விளையாடுவோம். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. காளிச்சாமியை விட்டுவிடுங்கள். வாட்ச்மேன் என்பதால் ஸ்டோரில் உலர்த்தும் அறைக் கதவை அவன்தான் வெளியே தாழிட்டிருப்பான் என்று நினைத்துவிட்டீர்கள். அன்று அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

என் பெயர் பஞ்சாபகேசன். கல்பாத்திக்காரன். இந்த ஏலத் தோட்டத்தில் ஹெட் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் என் அத்திம்பேர் எழுபத்தாறில் வெளிநாட்டிலிருந்து ஒரு மெல்லிய புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு விளையாட்டின் விதிகள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, இன்னது செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

கதை சொல்பவன் நான். ஜீப் ஓட்டும் சுருளிவேல் படைவீரன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஞானஜோதி டீச்சர் மந்திரக்காரி. ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட இன்னாசிராஜ் வழிகாட்டி. அவர் மனைவி பிலோமி வைத்தியச்சி. அந்த மெல்லிய புத்தகத்தில் பாதிக்கு மேல் இடைவெளிகள்தான். அவற்றை நான் நிரப்பினேன். இரண்டு வருஷத்தில் ஒரு ராஜ்ஜியமே கட்டினேன், சார். ஆபீசில் என்னிடம் யாரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்த மேஜையில் நான் வாயைத் திறந்தால் நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள்.

இந்த வருஷம் அத்திம்பேர் புதிய பதிப்பை அனுப்பினார். தடிமனாக இருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று நானே கொடுத்தேன். அதிலிருந்துதான் சண்டை.

“ஒரு கத்திய உருவணும்னா நாலு பக்கம் படிக்கச் சொல்லுது. பழசுதான் சார் விறுவிறுன்னு போகும்” என்றான் சுருளிவேல்.

“பழசுல பாதி உங்க இஷ்டம்தானே சார். புதுசுல எதுக்கும் ஒரு கணக்கு இருக்கு” என்றார் டீச்சர். வைத்தியச்சிக்குப் புதிய புத்தகத்தில் வேலை கூடுதல் என்று பிலோமிக்குச் சந்தோஷம்.

இன்னாசிராஜ்தான் அதை அட்டை முதல் அட்டை வரை படித்தார். அகராதி வைத்துக்கொண்டு படித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகச் சொன்னார்: “சார், தப்பா நெனைக்காதீக. கதை சொல்றவரும் பகடைய மறைக்காம எல்லாரு முன்னாலயும் உருட்டணும்னு போட்டிருக்கு. அப்புறம், மாறி மாறிக் கதை சொல்லலாம்னும் போட்டிருக்கு.”

பழைய விதிப்படி நான் ஒரு தேயிலைப் பெட்டி மூடியை நிறுத்திவைத்து அதன் பின்னால்தான் உருட்டுவேன். விழுந்த எண்ணை நான் சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் நான் கோபப்படவில்லை. அடுத்த வாரம் அவரே சொல்லட்டும் என்றேன்.

அவர் சொன்னார். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சுருளிவேல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டான். நான் ஒரு வயதான குதிரைக்காரன் வேஷம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது, குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். என் கதைக்கு அவர்கள் அப்படிச் சிரித்ததே இல்லை என்பது வீட்டில் தனியாகப் படுத்திருந்தபோதுதான் உறைத்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முப்பத்தெட்டு வயது எனக்கு.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் அது. மதியச் சாப்பாடு முடிந்து ஸ்டோர் வழியாகக் குடையோடு வந்தேன். உலர்த்தும் அறையின் வாசலில் இன்னாசிராஜின் செருப்பு கிடந்தது. ஏலக்காயைப் புரட்டிவிட உள்ளே போயிருந்தார். வெளியே அடுப்பு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். சூடு போகாமலிருக்கக் கதவு கனமானது. வெளியே ஒரு இரும்புத் தாழ்ப்பாள். அதைத் தள்ளினேன். சத்தமில்லாமல் போயிற்று. ஒரே ஒரு ஆட்டத்துக்கு அவர் வராமலிருக்கட்டும் என்றுதான். செருப்பை எடுத்து விறகுக்குப் பின்னால் வைத்தேன்.

“அவுக இன்னும் வரலியே” என்றாள் பிலோமி.

“மூணாறுக்கு ஒரு ஜீப் போச்சு. அதிலே ஏறிண்டு போனார். நம்மளை ஆரம்பிக்கச் சொன்னார்” என்றேன்.

இன்றைக்குப் பழைய விதிப்படியே ஆடலாம் என்றபோது யாரும் மறுக்கவில்லை. மூடியை நிறுத்திவைத்தேன். ஸ்டோருக்கும் என் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். தகரக் கூரையில் மழை. கொஞ்ச நேரத்தில் மழையின் ஊடே அந்தச் சத்தம் வந்தது.

“என்னமோ தட்டுற மாதிரி இருக்கு சார்” என்றாள் பிலோமி.

சொல் தானாக வந்துவிட்டது. “உங்களுக்கும் கேட்டுதா? கோட்டைக்குள்ளே, அந்தக் கடைசிக் கதவுக்குப் பின்னாலே, ஆரோ தட்டறா.”

மூன்று பேரும் முன்னால் குனிந்தார்கள். அந்த முகங்களை நான் பல நாளாகப் பார்க்கவில்லை, சார். ஒவ்வொரு தட்டலையும் கதைக்குள் எடுத்துக்கொண்டேன். பலமாகக் கேட்டால் உள்ளே இருப்பவன் தோளால் மோதுகிறான் என்றேன். நின்றால் காது வைத்துக் கேட்கிறான் என்றேன். சுருளிவேலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையை நீட்டிக் காட்டினான்.

“பாவம் சார், யாருன்னாலும் நான் போய்க் கதவத் தொறக்கேன்” என்றாள் பிலோமி.

நாலோ அதற்கு மேலோ விழுந்தால் கதவு திறக்கும். மூடிக்குப் பின்னால் உருட்டினேன். ஐந்து விழுந்தது.

“ரெண்டு” என்றேன். “திறக்கலை.”

பிறகு அவள் எழுந்தாள். “ஒரு நிமிசம் சார். அவுக இல்லல்ல, அடுப்புல வெறகு போட்டுட்டு வந்துருதேன். காய் கெட்டுப்போயிரும்.”

“நீங்க ஒக்காருங்கோ. நான் போறேன்” என்றேன்.

திறந்துவிடத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். என் காலடி கேட்டிருக்க வேண்டும். உள்ளேயிருந்து இருமலோடு குரல் வந்தது. “பிலோமியா? கொழா வெடிச்சுப் பொகையா வருது. தொற புள்ள.”

திறந்தால் தாழிட்டது யார் என்று கேட்பார். செருப்பு எங்கே என்று கேட்பார். மூணாறு ஜீப்பைப் பற்றி அவள் கேட்பாள். ஒரு விளையாட்டுக்காகவா சார் என்று நாலு பேரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நினைத்தால் உடம்பு கூசியது. கையை எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லிவிட்டு வந்தேனே என்று அடுப்பில் இரண்டு கட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இன்னாசிராஜின் அடக்கத்தின்போது பிலோமி, “வெறகு போட நானே போயிருந்தா அவுக கொரல் கேட்டிருக்கும்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஜீப்பிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பியிருப்பார், விறகு போடும்போது எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை என்றுதான் அவளிடமும் உங்களிடமும் சொல்லியிருந்தேன். இன்று காலை காளிச்சாமியின் பெண்டாட்டி ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை.

நான் கொலைகாரன் இல்லை, சார். வெட்கப்பட்டுக்கொண்டு நின்றவன். அப்படித்தான் இந்தப் பத்து நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் விறகு போட்டுத் திரும்பிய பிறகும் நான் மேஜையில் உட்கார்ந்தேன். கதையைத் தொடர்ந்தேன். நன்றாகவே சொன்னேன். விளக்கேற்றும் நேரத்தில் டீச்சர் புதிய புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, “நீங்க சொல்லும்போது பழைய விதியே போதும் சார்” என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பிலோமியும்தான். தட்டல் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. நின்றது எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் ஆடலாமா என்று கேட்டேன்.