ஓடையில் விட்ட சோளம்

எனக்குச் சாப்பாட்டை வீணாக்கத் தெரியாது, சார். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மனசு கேட்காது. ரெங்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மணியம் அப்படித்தான் என்பார்கள்.

போன வருஷக் கடைசி மழையில் கொட்டகை ஒழுகி, தீவனத்துக்கு வைத்திருந்த சோளம் நாற்பது மூட்டையும் பச்சையாகப் பூசணம் பிடித்துவிட்டது. கழுவிக் காயவைத்துக் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் பன்னிரண்டு கோழி போய்விட்டது. விவசாய இலாகாவில் வேலை செய்யும் ரூபினியைக் கூட்டிவந்து காட்டினேன். "அங்கிள், இந்தப் பூசணத்துல விஷம் இருக்கு. தண்ணில கலந்தா கொதிக்க வச்சாலும் போகாது. ஓடையை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் பொதைச்சிடுங்க" என்றது அந்தப் பிள்ளை. நல்ல பிள்ளை.

எரிக்கலாம் என்றால், ஓடையின் கீழ்ப்பக்கம் குடியிருக்கும் ஐயாசாமி அண்ணனுக்குப் புகை ஆகாது, மூச்சு இழுக்கும். புதைக்கலாம் என்றால், தானியத்தை மிதித்துக்கொண்டு மண் தள்ள வேண்டும். அலமாக், ஐயையோ, அந்தப் பாவம் எனக்கு எதற்கு? பழைய மாலையையும் உடைந்த சாமி படத்தையும் ஓடும் தண்ணீரில்தானே விடுகிறோம். நானும் தினம் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, இரண்டிரண்டு மூட்டையாக ஓடையில் கொட்டினேன்.

அண்ணன் வீட்டுக்கு இன்னும் பைப்பு தண்ணீர் வரவில்லை. ஓடையில் மோட்டார் போட்டுத்தான் எடுப்பார்கள். முதலில் அவருடைய ஆடுகள் செத்து விழுந்தன. அப்புறம் அண்ணனுக்கே கண் மஞ்சளாகி, வயிறு வீங்கியது. மனசு கேட்காமல் இளநீர் வெட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் மனைவி காளியம்மா என்னைத்தான் கேட்டார்.

"தம்பி, தண்ணில ஏதும் இருக்குமா? ஒரு மாதிரி வாடை அடிக்குதுலா."

"ஒண்ணும் இல்ல அண்ணி. நல்லா கொதிக்க வச்சுக் குடுங்க, சரியாயிடும்" என்றேன்.

அண்ணியும் அப்படியே செய்தார். கடைசி நாள்வரை அண்ணன் கொதித்து ஆறிய தண்ணீரைத்தான் குடித்தார்.

ஓடுகிற தண்ணீர், எங்காவது அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, சார். மோட்டாருக்குத் தண்ணீர் தேங்கட்டும் என்று அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஓடையை மறித்து மணல் மூட்டை அடுக்கியபோது, மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். சோளம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், அக்கம்பக்கத்துக்குள் வீண் மனக்கசப்பு வந்திருக்கும்.

ஐயாசாமி அண்ணனைக் கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள், சார்: நாற்பது மூட்டையில் ஒரு மணியைக்கூட நான் காலால் மிதிக்கவில்லை.