ஏறிவிட்டேன் என்று சொல்லுங்கள்

தலைமையேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஏசுபாதம் ஐயா அவர்களே, சுரங்கத்தில் வியர்வை சிந்திச் சூரியனை மறந்த பெரியோர்களே, சங்கு ஊதியதும் வாசலையே பார்த்து வாழ்ந்த தாய்மார்களே, இந்தக் கோடை விடுமுறையில் வேலை பழகப் பெங்களூருக்கு ரயிலேறப் போகும் பிள்ளைகளே, அனைவரையும் ஏனோக்கின் மகள் ஐடா வணங்குகிறேன்.

வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். நம் தங்கச் சுரங்கம் மூடி இரண்டு மாதம்தான் ஆகிறது, எனக்கு வாழ்த்து வரவில்லை. என் கோடை வேலை கற்றுக்கொடுத்த ஒரே பாடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் டிப்ளமோ படித்தபோது, மே மாதப் பயிற்சிக்கு லேம்ப் ரூமில் சேர்ந்தேன். அங்கே இன்னா வேலை என்கிறீர்களா, பின்வரிசைத் தம்பி? இறங்குகிறவர் தன் பித்தளை டோக்கனைக் கொடுத்துத் தலைவிளக்கை வாங்குவார். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்குவார். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறார். அவ்வளவுதான் சட்டம்.

ஆனால் சட்டத்தைவிடச் சிநேகம் பெரிதல்லவா நமக்கு? அவசரக்காரரின் விளக்கைக் கூட்டாளி வாங்கிக் கொடுப்பார். யார் அதைக் குற்றம் என்றோம்? ஒருநாள் பேத்தமங்களாவில் தங்கைக்குக் கல்யாணம் என்று, ஏறி வந்த ராஜப்பா அண்ணன், "பஸ்சு பூடும்டா, என் லேம்பையும் சேத்துக் குடுத்துடு" என்று கூடவே ஏறி வந்த தாமோதரன் அண்ணனிடம் தந்துவிட்டு ஓடினார். தாமோதரன் அண்ணன் இரண்டு விளக்கோடும் டீக்கடையில் உட்கார்ந்தார்.

அப்போது கீழே பாறை வெடித்தது. ஊரே அதிர்ந்தது. ஸ்கெலட்டன் லைன் வீட்டில் தன் பிள்ளைகள் என்ன ஆனார்களோ என்று அவர் வீட்டுக்கு ஓடினார், இரண்டு விளக்கையும் தூக்கிக்கொண்டே.

யார் கீழே என்று கேட்டார்கள். ஆணியைப் பார்த்தேன். இரண்டு டோக்கன்கள் மட்டும் தொங்கின. இரண்டு பெயர்களைச் சொன்னேன். மீட்பு அணியில் முதலில் நின்றவர் என் அப்பா. தன் டோக்கனை என் உள்ளங்கையில் வைத்தார். "வெச்சினு இரும்மா, வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

கேஜ் கூண்டு இறங்கிய பிறகு தாமோதரன் அண்ணன் மூச்சிரைக்க வந்தார். மணியடித்து மீட்பு அணியை மேலே கூப்பிட்டார்கள். அதற்குள் இன்னொரு முறை வெடித்தது. அப்பாவின் டோக்கன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மறுநாள் ராஜப்பா அண்ணன் கல்யாண வேட்டியோடு ஓடி வந்தார். நான் கதவைச் சாத்தினேன். அன்றுமுதல் ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் எங்கள் வாசலில் நின்று, "ஏறிட்டேம்மா" என்பார். நான் கதவைத் திறந்ததில்லை. மழையிலும் வந்தார், காய்ச்சலிலும் வந்தார். கடைசி ஷிப்ட் முடிந்த அன்றும் வந்தார். "ஏறிட்டேம்மா. இனிமே எறங்க வேலையில்ல" என்றார். அன்றுதான் கதவைத் திறந்தேன்.

பிள்ளைகளே, பெங்களூரில் உங்கள் டோக்கனை யார் மாட்டிவைப்பார்? மாலையில் நீங்கள் வெளியே வந்தீர்களா என்று எந்த முதலாளி பார்ப்பார்? ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் உங்களைத் தேடி இறங்க இங்கே ஓர் அப்பா இருக்கிறார், ஓர் அம்மா இருக்கிறார். நீங்கள் பத்திரமாக இருக்கும்போது அவர்களை இருட்டில் இறங்க விடாதீர்கள். ஏறிவிட்டேன் என்று சொல்லுங்கள். உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

ராஜப்பா அண்ணே, எழுந்து போகாதீங்க, உட்காருங்க. நீங்க சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.

பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. ஏறி வந்தவர்களுக்கும் ஏறாதவர்களுக்கும் என் வணக்கம்.