டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணம்

எர்ணாவூரில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பேருந்து நின்றுவிட்டது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"பூனையாலதான் இந்த வருசம் என் வூட்டுக்காரு ஊருக்கு வரலக்கா."

"இன்னாடி சொல்ற? துபாய்ல கீறவருக்கும் பூனைக்கும் இன்னா சம்பந்தம்?"

"எங்க பூனை சோட்டுவுக்கு மூத்திரம் அடச்சிகிச்சி. வயிறு கல்லு மாரி ஆயி, கத்திகினே இருந்தான். தூக்கினு ஓடினேன். இப்பவே ஆபரேசன் பண்ணலன்னா பொழைக்காதுன்னாரு டாக்டரு. அதுக்கு ஆவுற செலவுக்கு என் கைல வேற துட்டு இல்ல. அவரு லீவுல வர டிக்கெட்டுக்குன்னு சேத்து வச்ச துட்டுதான் இருந்துச்சி."

"வூட்டுக்காராண்ட கேட்டியா?"

"போன் போட்டேன். 'அந்தத் துட்ட கட்டிடு. நான் அடுத்த வருசம் வரேன்'னாரு. போன லீவுல வந்தப்ப, மீன் மார்க்கெட்டாண்ட மழைல நனைஞ்சிகினு கெடந்த சோட்டுவ, சட்டைக்குள்ள வச்சி அவருதான் தூக்கினு வந்தாரு."

"பொழச்சிகிச்சா?"

"ம். இப்ப நல்லா துன்றான்."

லாரிகள் நகர, பேருந்தும் மெல்லக் கிளம்பியது. மூத்தவள் கேட்டாள்:

"உனக்குக் கோவமே வரலியாடி?"

"வந்துச்சிக்கா. தெனம் வீடியோ கால்ல மொதல்ல சோட்டுவதான் காட்டச் சொல்றாரு. நானும் போனை அதும் மூஞ்சாண்ட புடிப்பேன். அத்தப் பாத்து அவரு சிரிக்கறப்ப, நான் அவரையே பாத்துகினு இருப்பேன்."